மைப்படியில் எழுந்த பெயர்கள்

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. மறுநாள் தீபம். திருவண்ணாமலையில் தேரடித் தெருப் பக்கம் ஒரு டீக்கடை. பன் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம், கடைசி ஆட்டம், ஓடிக்கொண்டிருந்தது. சென்னையின் குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் ஆறரை ஆறரைப் புள்ளி. இதுவும் டிராதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட நேரத்தில், 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். திரையில் குகேஷின் முகம் மாறியது. செஸ் தெரியாத டீ மாஸ்டருக்கே அது புரிந்துவிட்டது. பாலை ஆற்றிக்கொண்டே, "என்னாச்சு தம்பி, அவரு ஏதோ தப்பு பண்ணிட்டாரா?" என்றார். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன், "ஆமாண்ணே, நம்ம பையன் ஜெயிச்சுட்டான்" என்றான். அப்போது ஆட்டம் முடிந்திருக்கவில்லை. இன்னும் மூன்று நகர்த்தல்கள் இருந்தன.

அந்தப் பதினைந்து நாட்களை இந்த ஊர் மறக்காது. டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலையின் ஒரு பக்கம் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் போனார்கள். 4ஆம் தேதி கோயிலில் கொடி ஏறியது. 10ஆம் தேதி தேர் ஓடியது. மலை இளகிக் கிடந்ததால், தீபத்தன்று பக்தர்கள் மலையேற அந்த ஆண்டு அனுமதி இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. கொப்பரையையும் நெய்யையும் திரியையும் கொண்டுபோக வேண்டியவர்கள் மட்டும் ஏறினார்கள். நிமிர்ந்தால் 2,668 அடி மலை, குனிந்தால் துக்கம் ஆறாத ஒரு தெரு. கைப்பேசியைச் சுற்றி நின்றவர்கள் அன்று மாலை வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தபோது, பன்னிரண்டு நாட்களில் இந்த ஊரில் இப்படியொரு சிரிப்பை நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.

டிசம்பர் முடிவில் எல்லாப் பத்திரிகைகளும் விளையாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த ஆண்டில் யார் என்ன ஜெயித்தார்கள் என்று போடும். சின்ன வயதிலிருந்து அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைப்பவன் நான். 2024இன் பக்கத்திலும் கோப்பைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஆனால் அந்த ஆண்டை நான் வேறொரு கணக்கில் பார்க்கிறேன். யாருடைய பெயர் ஏட்டில் ஏறியது, யாருடைய பெயர் அடிக்கப்பட்டது, யாருடையது மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தது என்ற கணக்கு அது. அப்படிப் பார்த்தால் அந்த ஆண்டின் மிகப் பெரிய செய்தி சிங்கப்பூரில் நடக்கவில்லை. அது அமெரிக்க பேஸ்பாலில் நடந்தது.

பேஸ்பால் என்றதும் பலருக்கும் அந்த ஆண்டில் நினைவுக்கு வருபவர் ஜப்பானியரான ஷோஹெய் ஓட்டானி. செப்டம்பர் 19ஆம் தேதி மயாமியில் ஒரே ஆட்டத்தில் ஆறு முறை மட்டை பிடித்து ஆறிலும் வெற்றி. அதில் மூன்று ஹோம் ரன். கூடவே இரண்டு முறை, பந்து வீசுபவர் அசந்த கணத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிப் பிடித்தார். ஒரே சீசனில் 50 ஹோம் ரன்னும் 50 தளத் திருட்டும் அதுவரை ஒருவரும் சேர்த்துச் செய்ததில்லை. சீசன் முடிந்தபோது கணக்கு 54க்கு 59. அவருடைய லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணியே அக்டோபர் 30ஆம் தேதி நியூயார்க் யாங்கீஸை வென்று கோப்பையையும் எடுத்தது. பெரிய சாதனைதான். ஆனால் மே 29ஆம் தேதி, ஆட்டம் எதுவும் இல்லாமலே, பேஸ்பால் ஏட்டில் நடந்த ஒரு மாற்றம் அதைவிடப் பெரிது என்று நினைக்கிறேன்.

அதைப் புரிந்துகொள்ள பேஸ்பாலின் ஏட்டுப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஹென்றி சாட்விக் என்பவர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிரிக்கெட் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து பேஸ்பாலுக்கும் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். பாக்ஸ் ஸ்கோர் என்று பெயர். ஒரு கைக்குட்டை அளவு இடத்தில் ஆட்டம் முழுவதும் அடங்கிவிடும். யார் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை அடித்தார், எங்கே பிழை செய்தார் என்று எல்லாம் தெரியும். அந்தக் கட்டம் பத்திரிகையில் வந்தால்தான் ஆட்டம் நடந்ததாகப் பொருள். தாத்தா பார்த்த ஆட்டத்தைப் பேரன் எண்களில் படிக்கலாம். அமெரிக்கர்கள் இந்த எண்களை வேதம்போலப் பாராயணம் செய்பவர்கள்.

அந்த வேதத்தில் கறுப்பர்களுக்கு இடம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், எங்கும் எழுதிவைக்காத ஓர் உடன்பாட்டால், அவர்களைப் பெரிய லீக்குகளிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள். 1920இல் கன்சாஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் என்ற பெரிய மனிதர் மற்ற அணிக்காரர்களைக் கூட்டி அவர்களுக்கென்று ஒரு லீக்கைத் தொடங்கினார். நீக்ரோ லீக் என்றே அதற்குப் பெயர். தங்க ஓட்டல் கிடைக்காமல் பேருந்திலேயே தூங்கி, ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். பெரிய பத்திரிகைகள் அந்த ஆட்டங்களை எட்டிப் பார்க்கவில்லை. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பர் பத்திரிகைகள் வாரம் ஒரு முறை போட்ட ஸ்கோர்தான் மிச்சம். பல ஆட்டங்களுக்கு அதுவும் இல்லை.

அந்தத் துண்டுக் காகிதங்களைத் தேடிச் சிலர் பல ஆண்டுகளாக நூலகங்களில் மைக்ரோஃபிலிமைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். சம்பளத்துக்காகச் செய்தவர்கள் குறைவு. ஒரு வரி, ஒரு கட்டம், ஓர் ஆட்டக்காரரின் பெயர் என்று சேர்த்தார்கள். 2020 டிசம்பரில் 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று மேஜர் லீக் பேஸ்பால் ஒப்புக்கொண்டது. 2024 மே 29ஆம் தேதி அந்த எண்கள் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்ந்தன. 2,300க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் ஒரே நாளில் உள்ளே வந்தார்கள். அன்று காலை வரை வாழ்நாள் சராசரியில் முதலிடத்தில் இருந்தவர் டை காப். ஆயிரத்துக்கு 367 வெற்றி அடி. அன்று முதல் அந்த இடம் ஜாஷ் கிப்சனுக்கு. ஆயிரத்துக்கு 372.

ஜாஷ் கிப்சன் இதைப் பார்க்கவில்லை. 1947 ஜனவரி 20ஆம் தேதி, 35ஆவது வயதில் இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15ஆம் தேதி, ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கின் வாசலைத் தாண்டி ஆடுகளத்தில் கால் வைத்தார். மூன்றே மாதம். இதை எத்தனையாவது முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

நீக்ரோ லீக்கில் ஆடியவர்களின் சீசன் சின்னது, எதிரணியின் தரம் சீராக இல்லை, எண்களை எப்படி ஒப்பிடுவது என்று சிலர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சின்ன சீசன் ஆட வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படவில்லை. கதவைச் சாத்தியவன், நீ ஏன் உள்ளே வந்து ஆடவில்லை என்று கேட்க முடியாது.

வில்லி மேஸ் இருந்து பார்த்தார். பேஸ்பாலின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் சொல்லும் மேஸ், 1948இல் பள்ளிப் பையனாக பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணிக்கு ஆடியவர். அந்த ஆண்டின் 10 அடிகள் மே மாதம் அவருடைய கணக்கில் கூடின. 3,283 என்றிருந்தது 3,293 ஆனது. ஜூன் 18ஆம் தேதி, 93ஆவது வயதில் அவர் காலமானார். இரண்டு நாள் கழித்து, அவர் பையனாக ஆடிய அதே ரிக்வுட் மைதானத்தில், நீக்ரோ லீக்குகளைப் போற்றும் ஆட்டம் ஏற்கெனவே குறித்த நாளில் நடந்தது. பத்து அடி என்பது மூவாயிரத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் 76 ஆண்டு கழித்து உன் கணக்கில் பத்து பாக்கி இருந்தது, இதோ என்று ஒரு நாடு கொண்டுவந்து கொடுத்தது.

இதையெல்லாம் திருவண்ணாமலையில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்குச் செங்கம்தான் நினைவுக்கு வரும். இங்கிருந்து மேற்கே போகும் சாலையில் பக்கத்து ஊர். அந்த வட்டாரம் முழுக்க வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள் நிற்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதியும், மாட்டை மீட்கப் போய்ச் சண்டையிட்டும் விழுந்தவர்களுக்கு ஊரார் நட்ட கல். மேலே வட்டெழுத்தில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய மகன் அல்லது சேவகன், எதற்காகப் பட்டான் என்று மூன்று நான்கு வரி. கீழே வில்லும் கத்தியும் ஏந்திய உருவம். எழுத்து மாறிப்போய், வட்டெழுத்தைப் படிப்பவர்கள் இல்லாமல் போனபிறகும் ஊரார் அந்தக் கற்களை விடவில்லை. வேடியப்பன் என்று பெயர் வைத்து, மஞ்சள் பூசி, பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள். யாருக்குப் படைக்கிறோம் என்று தெரியாமலே ஆயிரம் ஆண்டுக்கு மேல் படைத்திருக்கிறார்கள்.

1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஊர் ஊராகப் போனார்கள். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுத்தார்கள். கறுத்த தாளில் வெள்ளை வெள்ளையாகப் பெயர்கள் எழுந்தன. இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' 1972இல் வந்தது. எடுத்தனூரில் ஒரு கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போய் விழுந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவன் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதற்கும் தனியே எழுத்து உண்டு. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று சொல்கிறது கல். அந்தக் கல்லை வெட்டியவனை நான் அடிக்கடி நினைப்பேன். உளி பிடித்தவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் உழைப்பு. நாய் என்று மட்டும் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். பெயரைக் கேட்டு வெட்டியிருக்கிறான்.

விளையாட்டுக்கே வைத்த கல்லும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் அரசலாபுரம் என்ற ஊரில், நிமிர்ந்து நிற்கும் ஒரு சேவலைச் செதுக்கிய கல் இருக்கிறது. முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்ட கோழி என்று அதன் எழுத்து சொல்கிறது. இந்தளூரில் இன்னொரு கல், கீழ்ச்சேரிக் கோழிக்கு. ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டு. ஓர் அணி, ஓர் ஆட்டக்காரர், ஆடிய ஊர் எல்லாம் அந்தக் கல்லில் இருக்கிறது. சாட்விக்கின் கட்டத்தைத் தமிழ்நாட்டில் தேடினால் இந்தச் சேவலிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

இவ்வளவு பழைய பழக்கம் உள்ள நாம், பிறகு எழுதுவதை விட்டுவிட்டோம். எழுதியபோதும் எல்லோரையும் எழுதவில்லை. பம்பாயில் மதவாரியாக அணி பிரித்து ஆடிய காலத்தில், பல்வங்கர் பாலூ என்ற சுழற்பந்து வீச்சாளர் 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். தலித் என்பதால் இந்து அணி அவரைக் கடைசி வரை கேப்டன் ஆக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது பிறகு கிடைத்தது. சென்னையின் கதை வேறு. 1934 நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். 11 விக்கெட் எடுத்து ஒரே நாளில் ஆட்டத்தை முடித்தவர் ஏ.ஜி. ராம் சிங். ராம் சிங்கின் இரண்டு மகன்கள் பின்னால் டெஸ்ட் ஆடினார்கள். அவருக்கு மட்டும் அது கிடைக்கவே இல்லை. கோபாலனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு டெஸ்ட். அவர் இந்தியாவுக்காக ஹாக்கியும் ஆடியவர். 1936இல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக், மறுபக்கம் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துப் பயணம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். தியான் சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது. இங்கிலாந்தில் கோபாலனை ஒரு டெஸ்டில்கூட ஆட விடவில்லை. சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த ஆண்டுப் போட்டிக்குப் பின்னாளில் அவர் பெயரைச் சூட்டினார்கள். அந்த ஒரு கோப்பையாவது அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

எழுதிய பெயரை அடிப்பதும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் கூலித் தொழிலாளியின் மகளான சாந்தி, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். அவர் ஓடியது உண்மை, அந்த நேரம் உண்மை, இரண்டாவதாக வந்தது உண்மை. ஏட்டில் அந்த வரி இல்லை. 2024 ஆகஸ்டில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்துக்கு நடந்தது வேறு வகை. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிக்கு வந்தார். முதல் சுற்றில் வீழ்த்தியது அதுவரை சர்வதேச ஆட்டத்தில் தோற்றறியாத யுய் சுசாகியை. மறுநாள் காலை எடைத் தட்டில் 100 கிராம் கூடுதல். விதிப்படி அவர் கடைசி இடத்துக்குப் போனார். விதி விதிதான், அதில் சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சுசாகியை வென்ற அந்த ஆட்டம் நடந்தது. பார்த்தவர்களாவது அதை எழுதி வைக்க வேண்டும்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 6 பதக்கம். அதற்கு வந்த பக்கங்களுக்குக் கணக்கில்லை. அடுத்து அதே நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 29 பதக்கம், அதில் 7 தங்கம். அதற்கு வந்த பக்கங்களை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன், ஒரு சின்ன உறையில் அடங்கிவிட்டன. செப்டம்பர் 2ஆம் தேதி பாட்மின்டனில் ஒரே பிரிவில், ஒரே மேடையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, திருவள்ளூர் மனிஷா ராமதாஸுக்கு வெண்கலம். இன்னொரு பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவனுக்கு வெண்கலம். ஒரு மாநிலத்துப் பெண்கள் ஒரே போட்டியில் இப்படி வாங்கி வந்தது சாதாரணமா? சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியவர். உயரம் தாண்டுதலில் 2016இல் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் வாங்கிய முதல் இந்தியர். தங்கத்திலிருந்து வெண்கலத்துக்கு இறங்கிவிட்டார் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஒரு காலில் எட்டு ஆண்டு அந்த உயரத்தில் நின்றவரைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேரம் பலகை இல்லாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. அந்த நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில், வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். இதே சென்னையிலிருந்து மரிய இருதயம் 1991லும் 1995லும் உலகச் சாம்பியன் ஆனவர். பவுடர் கொட்டி ஸ்ட்ரைக்கர் சுண்டாத வீடு கிடையாது, இருந்தும் அவர் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்கிறார்கள். ஆண்டு முடிவில் பெரிய பேச்சாக இருந்தது ரவிச்சந்திரன் அஸ்வின் டிசம்பர் 18ஆம் தேதி பிரிஸ்பேனில் திடீரென்று ஓய்வு சொன்னது. 106 டெஸ்ட், 537 விக்கெட். அவருடைய ஏட்டைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அவரே தன் காலத்தின் ஆட்டத்தை யாரையும்விட நன்றாகப் பேசி வைத்திருக்கிறார்.

டீக்கடைக்குத் திரும்புகிறேன். குகேஷ் ஜெயித்தபோது வயது 18. 1985இல் 22 வயதில் காஸ்பரோவ் சாம்பியன் ஆனதே அதுவரை இளவயதுச் சாதனை. இரண்டாம் முறையாக இந்த ஏட்டில் ஒரு சென்னைப் பெயர். முதல் பெயரான விஸ்வநாதன் ஆனந்த், 2013இல் சென்னையிலேயே கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். கண்ணாடி அறைக்குள் நடந்த அந்த ஆட்டத்தை வெளியே உட்கார்ந்து பார்த்தவர்களில் ஏழு வயதுக் குகேஷும் இருந்தார். ஒரு நாள் நானும் அந்தக் கண்ணாடிக்குள் உட்கார வேண்டும் என்று அப்போது தோன்றியதை அவரே பின்னால் சொன்னார். ஆனந்துக்கு முன்னால் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோன். அவர் காலத்தில் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் தொடங்கியது. அங்கே காய் நகர்த்தப் போன சிறுவர்களில் ஒருவர் ஆனந்த். நீண்ட நேர செஸ் போட்டியில் எழுதாமல் ஆட முடியாது. ஒவ்வொரு நகர்த்தலையும் ஆடுபவரே தாளில் எழுத வேண்டும், அது விதி. ஆரோன் ஆடியதை ஆனந்த் படிக்கலாம், ஆனந்த் ஆடியதைக் குகேஷ் படிக்கலாம். அறுபது ஆண்டில் ஓர் ஊரிலிருந்து இத்தனை பேர் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். முன்னால் போனவன் எந்த வழியில் போனான் என்று பின்னால் வருபவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கபடியில் அது இல்லை. ஊருக்கு ஊர் இரவு விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் கபடிப் போட்டியில் யார் ரெய்டு போனார், யார் பிடித்தார், யார் முட்டி உடைந்து அத்தோடு ஆட்டத்தை விட்டார் என்பதெல்லாம் கோப்பையின் பித்தளை மங்குவதற்குள் மறந்துபோகிறது. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். 2025இல் மாரி செல்வராஜின் 'பைசன்' படம் வந்த பிறகே பல வீடுகளில் அவர் பெயரை முதன்முதலாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரு படம் வராது. மாவட்டந்தோறும் விளையாட்டரங்கம் இருக்கிறது. அங்கே ஒரு பீரோவும், தேதி போட்ட ஸ்கோர் தாள்களும், அவற்றை ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கச் சம்பளத்தோடு ஒரு ஆளும் வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. பரிசுத் தொகையாகக் கோடிகளை அள்ளிக் கொடுக்கும் அரசு இதையும் கொடுக்கலாம். 76 ஆண்டு கழித்து மேஸுக்குப் பத்து அடி கிடைத்ததற்குக் காரணம், யாரோ ஒரு நிருபர் 1948இல் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து அதை எழுதிவைத்தது.

தை பிறந்ததும் எங்கள் பக்கம் காளை விடும் விழா. தெற்கே ஜல்லிக்கட்டு போல இங்கே யாரும் திமிலைப் பிடிப்பதில்லை. தெருவில் இரண்டு பக்கமும் கட்டை கட்டி, குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த நொடியில் ஓடிக் கடக்கிறதோ அதற்குப் பரிசு. 2025 பொங்கலுக்குப் பிறகு போளூர்ப் பக்கம் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். மைக்கில் மாட்டின் பெயரையும் ஊரையும் கத்துகிறார்கள், கொம்பில் கட்டிய பலூன் தெரிவதற்குள் மாடு கடந்துவிடுகிறது, நொடியைச் சொல்கிறார்கள், அடுத்த மாட்டின் பெயர் வந்துவிடுகிறது. கட்டைக்குப் பின்னால் டிராக்டர் டிரெய்லரில் பத்து வயதிருக்கும் ஒரு பையன் பள்ளி நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தான். மாடு, ஊர், நொடி என்று மூன்று கட்டம். யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். போன வருஷமும் எழுதினானாம், அந்த நோட்டு வீட்டில் இருக்கிறதாம்.

"மாட்டுக்காரர் பேரு எழுதலையா தம்பி?" என்றேன்.

நோட்டைப் பார்த்தான். இன்னொரு கோடு போட இடம் இருந்தது. போட்டான். ஓடி முடித்த காளையை மூக்கணாங்கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒருவர் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். டிரெய்லரிலிருந்து குதித்து அவர் பக்கத்தில் ஓடினான்.

"அண்ணா, உங்க பேரு சொல்லுங்கண்ணா. இனிஷியலோட."